எலி மருந்துக்கு முன் தெள்ளு மருந்து: பிளேக் வட்டாரத்தில் எலி ஒழிப்பை எந்த வரிசையில் செய்வது

எலி மருந்து எலியைக் கொல்லும். எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப் பூச்சியை அது ஒன்றும் செய்யாது. தெள்ளுக் கடியால் பரவும் பிளேக்கைப் பொறுத்தவரை மொத்தச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் சந்திக்கும் மேட்டு நிலம் பழைய பிளேக் வட்டாரம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி, எல்லைக்கு அப்பால் கோலார், சித்தூர் எல்லாம் இதில் அடக்கம். 1898-ல் பெங்களூருக்குள் புகுந்த பிளேக், அதன் பிறகு பல பத்தாண்டுகள் இந்தச் சுற்றுவட்டாரத்தை விடவில்லை. 1966-ல் கோலார் மாவட்டத்தில் மனிதருக்குக் கண்டது. அதன் பிறகு 1994-ல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலும் சூரத்திலும் தலைகாட்டும் வரை நாட்டில் மனிதரிடம் உறுதிசெய்யப்பட்ட பிளேக் இல்லை. ஆனாலும் கிருமி காட்டு எலிகளுக்குள் சத்தமில்லாமல் சுற்றக்கூடியது. அதனால்தான் ஓசூரில் பொதுச் சுகாதாரத் துறையின் நிறுவனம் எலி பிடித்து, தெள்ளு எண்ணி, ரத்த மாதிரி பார்க்கும் வேலையைச் செய்துவருகிறது. இன்று ஊரில் பிளேக் இல்லை, பீதி தேவையில்லை. ஆனால் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் ஊராட்சியோ கிடங்கோ விவசாயக் குழுவோ பெரிய அளவில் எலி ஒழிப்பில் இறங்கினால், கீழே உள்ள வரிசையில் செய்வதுதான் முறை.

எலி செத்தால் தெள்ளு எங்கே போகிறது

பிளேக் கிருமியான எர்சினியா பெஸ்டிஸைப் பரப்புவதில் முதலிடம் ஜெனாப்சில்லா கியோபிஸ் என்ற எலித் தெள்ளுக்கு. கிருமியுள்ள ரத்தத்தைக் குடித்த தெள்ளின் இரைப்பை வாயிலில் கிருமி கட்டியாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். பிறகு அது எவ்வளவு குடித்தாலும் ரத்தம் வயிற்றுக்குள் இறங்காது. பசி தாங்காமல் ஆள் மாற்றி ஆள் கடிக்கும். கடிக்கும்போதெல்லாம் அடைப்பில் மோதிய ரத்தம் கிருமியோடு கடிவாய்க்குள்ளேயே திரும்பும். 1914-ல் பேக்கட், மார்ட்டின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். தெள்ளுதான் கடத்துகிறது என்பதை அதற்கு முன்பே, 1898-ல், கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன் நிறுவியிருந்தார்.

எலி செத்து உடம்பு குளிர ஆரம்பித்ததும் தெள்ளு இறங்கிவிடும். பக்கத்தில் இன்னொரு எலி கிடைத்தால் அதன்மேல் ஏறும். ஒரே இரவில் வீட்டிலுள்ள பாதி எலியை மருந்து வைத்துக் கொன்றால் மிச்சமிருக்கும் எலிகள்மேல் தெள்ளு இரண்டு பங்காகக் குவியும். அங்கேயும் இடமில்லாதபோது பாயில் படுத்திருக்கும் ஆள்தான் அடுத்தது. நோய் இல்லாத ஊரில் இது வெறும் அரிப்பு, தடிப்போடு முடிந்துவிடும். எலிகளுக்குள் நோய் ஓடும் ஊரிலோ, நோயை எலியிடமிருந்து மனிதருக்குக் கைமாற்றிவிடும் வேலையை மருந்தே செய்துவிடும்.

இன்னொரு விளைவு மெதுவாக வருவது. பிளேக் பலமுறை வந்து போன ஊரில் தப்பிய எலிகளுக்கு ஓரளவு எதிர்ப்பு இருக்கும். பம்பாய் எலிகளில் பல கிருமியைத் தாங்கின, பிளேக் அதிகம் காணாத சென்னை எலிகள் மளமளவென்று செத்தன என்பது பழைய ஆய்வகச் சோதனைகளில் தெரிந்த செய்தி. எதிர்ப்புள்ள கூட்டத்தை மருந்து வைத்து அழித்துவிட்டு, தானியத்தையும் குப்பையையும் அப்படியே விட்டால், சில மாதத்தில் நிரம்புவது எதிர்ப்பே இல்லாத இளம் எலிகள். நோய்க்கு அதைவிட நல்ல தீனி இல்லை.

மருந்துக்கு மருந்து விளைவும் மாறும். துத்தநாக பாஸ்பைடு சில மணி நேரத்தில் கொல்லும். எலிகள் ஒரே இரவில் மொத்தமாகச் சாகும், தெள்ளும் ஒரே நேரத்தில் மொத்தமாகக் கிளம்பும். புரோமாடியோலோன் ரத்தம் உறைவதைத் தடுத்து நாலைந்து நாளிலிருந்து பத்து நாள் வரை எடுத்துக் கொல்லும். தெள்ளு சிறுகச் சிறுகத்தான் இறங்கும், ஆனால் அந்த இறக்கம் இரண்டு வாரம் நீடிக்கும். பல எலிகள் வளைக்குள்ளும் கூரைக்குள்ளும் செத்துக் கிடப்பதால் உடலை எடுப்பதும் கஷ்டம். ‘மெதுவாகக் கொல்லும் மருந்து என்றால் பாதுகாப்பு’ என்று சிலர் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. தெள்ளை அடக்காமல் வைத்தால் இரண்டுமே தவறு. வளைக்குள் நச்சுப் புகை விடும் முறையில் மட்டும் எலியும் தெள்ளும் சேர்ந்து சாகும். முன்பு மதராஸ் மாகாணத்தில் சயனோகாஸ் என்ற சுண்ணாம்பு சயனைடுத் தூளை வளைக்குள் ஊதியது இதற்காகத்தான். இன்றைய அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டிய சரக்கு. வீட்டுக்குள்ளும் வீட்டுச் சுவரை ஒட்டிய வளையிலும் போடவே கூடாது. சுவர் விரிசல் வழியே வாயு உள்ளே வந்து தூங்குபவர்களைக் கொன்றுவிடும்.

எப்போது

தெள்ளின் இரைப்பை அடைப்பு குளிரில்தான் நன்றாகப் பிடிக்கும். வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் அடைப்பு குறையும். கடற்கரைச் சென்னை பிளேக்கிலிருந்து பெரும்பாலும் தப்பியதற்கு வெக்கையோடு இன்னொரு காரணமும் சொல்வார்கள்: அங்கே அதிகம் இருந்தது, நோயைச் சரியாகக் கடத்தாத ஜெனாப்சில்லா ஆஸ்டியா என்ற வேறு தெள்ளு. கொழும்பில் வேலை பார்த்த ஹிர்ஸ்ட் என்ற ஆய்வாளர் முன்வைத்த கருத்து இது. ஓசூர் மேட்டு நிலம் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். கார்த்திகை, மார்கழி, தையில் இங்கே தெள்ளுக்கும் கிருமிக்கும் ஏற்ற குளிர்.

மானாவாரிக் கேழ்வரகு அறுவடையாகிக் கதிர்ப் போர் போடுவதும் அந்தக் காலத்தில்தான். வயலில் தீனி முடிந்ததும் வெள்ளெலியும் புல் எலியும் களத்துக்கும் போருக்கும் வரும். வீட்டு எலியும் அதே போருக்கு வரும். காட்டு எலியின் தெள்ளு வீட்டு எலிக்கு மாறும் இடம் இந்தப் போர்தான். ஆகவே ஒழிப்பு வேலையை அறுவடைக்கு முன், புரட்டாசிக் கடைசிக்குள் முடித்துவிடப் பாருங்கள். மழை நாளில் தூள் நனைந்து கட்டியாகிவிடும், இரண்டு நாள் வெயில் பார்த்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். தை பிறந்து, போர் போட்டு, எலி பெருகிய பிறகு செய்வது இரட்டை வேலை.

முதல் வேலை: எண்ணிக்கை

மாலையில் கண்ணில் படும் எல்லா வளை வாயையும் மண் போட்டு மூடுங்கள். மறுநாள் காலை திறந்திருப்பவைதான் எலி நடமாடும் வளை. அவற்றுக்கு மட்டும் குச்சி நட்டு எண் கொடுங்கள். மருந்து, தூள், ஆள் கணக்கு எல்லாம் இந்த எண்ணிக்கையில் இருந்துதான் வரும். ஓட்டு வீட்டில் இது போதாது. வீட்டு எலி வளையைவிடக் கூரையை அதிகம் விரும்பும். உத்திரம், சுவர் உச்சி, ஓட்டின் அடி, பரண் ஆகியவற்றில் புழுக்கையும் எலி உரசிய கறுப்பு எண்ணெய்த் தடமும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது தெள்ளுக் கணக்கு. இதை விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால் எல்லாம் குருட்டாம்போக்கு. சுகாதார ஆய்வாளரோடு சேர்ந்து செய்வது நல்லது. கம்பிக்கூண்டுப் பொறியில் கருவாட்டுத் துண்டோ மசால்வடையோ வைத்து மாலையில் வையுங்கள், விடியற்காலையில் எடுங்கள். வெயில் ஏறும்வரை விட்டால் எலி செத்துத் தெள்ளு இறங்கிவிடும், கணக்குக் குறைத்துக் காட்டும். கூண்டை அப்படியே வெள்ளைத் துணிப்பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்ட வேண்டும். பைக்குள் மயக்க மருந்து நனைத்த பஞ்சைப் போட்டதும் எலியும் தெள்ளும் அடங்கும். பிறகு வெள்ளை எனாமல் தட்டின்மேல் எலியைப் பிடித்து, பல் நெருக்கமான சீப்பால் வால் பக்கத்திலிருந்து தலை நோக்கி எதிர்மயிராக வாருங்கள். பையின் தையலை மறக்காமல் உதறுங்கள், பாதித் தெள்ளு அங்கேதான் பதுங்கியிருக்கும். கிடைத்தவற்றை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு வையுங்கள்.

கணக்கு எளிது: மொத்தத் தெள்ளை, பார்த்த எலிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு 20 எலியில் 36 தெள்ளு என்றால் தெள்ளுக் குறியீடு 1.8. அதில் கியோபிஸ் மட்டும் 28 என்றால் கியோபிஸ் குறியீடு 1.4. கியோபிஸ் குறியீடு 1-ஐத் தாண்டினால் ஆபத்தான நிலை என்று வைத்துக்கொள்வது வழக்கம். எது கியோபிஸ், எது ஆஸ்டியா என்று பிரிப்பது நுண்ணோக்கி வேலை. அதை ஆய்வகத்துக்கு விட்டுவிடுங்கள்.

பொறி இல்லாத வீட்டில் தரையில் தெள்ளு இறங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்க்க ஒரு வழி உண்டு. அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, சில சொட்டு சோப்புக் கரைசல் விட்டு, நடுவே விளக்கு வைத்து இரவெல்லாம் தரையில் விடுங்கள். வெளிச்சத்தை நோக்கித் துள்ளும் தெள்ளு தண்ணீரில் விழும். சோப்பு இருப்பதால் ஏறி வராது. பக்கவாட்டில் தட்டையான, பழுப்பு நிறத்தில் துள்ளக்கூடிய பூச்சிதான் தெள்ளு. நாய்க் காதில் ஒட்டிக்கிடக்கும் உண்ணியை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இந்தக் கட்டத்தில், மருந்து வைக்காமலே எலி செத்துக் கிடப்பதைப் பார்த்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். தொடாமல், அறுத்துப் பார்க்காமல் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். எலி தானாகச் சாவதுதான் பிளேக்கின் முதல் அறிகுறி. அந்தக் காலத்தில் கூரையிலிருந்து எலி விழுந்தால் ஊரையே காலி செய்து வெளியே கொட்டகை போட்டுத் தங்குவார்கள். மருந்து வைத்துவிட்டால் இந்த எச்சரிக்கை மணி ஓய்ந்துவிடும். அதன்பின் சாகும் ஒவ்வொரு எலியும் மருந்துக் கணக்கில் போய்விடும், நோயில் செத்ததைப் பிரித்தறிய வழியிருக்காது. எலி மருந்தின் பக்கவிளைவுகளில் யாரும் பேசாதது இதுதான். எனவே மருந்துக்கு முந்தைய வாரத்தில் கண்ட சாவுகளை இடம், தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது வேலை: தூள்

தெள்ளுக்குத் தெளிப்பு மருந்தைவிடத் தூள் நல்லது. எலி அதன்மேல் நடந்து, மயிரில் ஒட்டிக்கொண்டு, நக்கிச் சுத்தம் செய்யும்போது உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். கூட்டுக்கும் அதுவே எடுத்துச் செல்லும். 5 சதவீத மாலத்தியான் தூள், 0.5 சதவீத பெர்மெத்ரின் தூள் போன்றவை உலகெங்கும் பயன்பட்டவை. எந்த மருந்துக்கு உள்ளூர்த் தெள்ளு பழகிவிட்டது என்பது இடத்துக்கு இடம் மாறும், அதனால் தேர்வை சுகாதாரத் துறையிடம் கேட்டே செய்யுங்கள்.

ஒவ்வொரு நடமாட்ட வளைக்குள்ளும் கைத்தூவியால் சுமார் 30 கிராம் ஊதி வாயை மண்ணால் அடையுங்கள். 60 வளைக்கு 1.8 கிலோ. எலி போகும் தடங்களில், சுவர் ஓரமாக, 15 முதல் 30 சென்டிமீட்டர் அகலத் திட்டுகளாகத் தூவுங்கள். உத்திரத்தின் மேலும் சுவர் உச்சியிலும் தூவாமல் ஓட்டு வீட்டில் வேலை முடியாது. தானியக் குதிர், சமையல் பாத்திரம், தண்ணீர்த் தொட்டி, தொட்டில் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுங்கள் அல்லது தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

இங்கே அடிக்கடி கெடுவது ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை வந்ததும் வீட்டம்மா சாணம் கரைத்துத் தரையை மெழுகிவிடுவார். சுவர் ஓரத் தூள் மொத்தமும் சாணத்துக்கு அடியில் போய்விடும். தூவிய அன்றே சொல்லிவிடுங்கள்: சுவரிலிருந்து ஒரு முழம் விட்டு நடுத்தரையை மட்டும் மெழுகலாம், பெருக்கலாம், கோலம் வாசலில் போடலாம்.

இன்னொன்று இந்த மாவட்டங்களுக்கே உரியது. பட்டுப்புழு வளர்ப்பு மனையிலோ, மல்பெரித் தோட்டத்திலோ, தழை வைக்கும் அறையிலோ எந்தத் தெள்ளுத் தூளும் கூடாது. பெர்மெத்ரின் சேர்ந்த பைரெத்ராய்டு வகையில் கைத்துணியில் ஒட்டிய அளவே ஒரு வளர்ப்பை அழிக்கப் போதும். மனையைச் சுற்றிய வளைகளுக்குப் பொறி மட்டும் வையுங்கள். தூவும் ஆள் அன்று தழை போடப் போகக் கூடாது. புழு கூடு கட்டி அறுவடையான இடைவெளியில் மனையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கிடங்கு, ரேஷன் கடை, மண்டி போன்ற இடத்தில் தூளைத் திறந்து தூவ முடியாது. நான்கு அங்குல பிவிசி குழாயை இரண்டடி நீளத்தில் வெட்டி, இரண்டு முனைக்கும் உட்புறத்தில் தூள், நடுவே மருந்தில்லாத வேர்க்கடலை வைத்துச் சுவர் ஓரமாகப் போடுங்கள். எலி கடலைக்காக உள்ளே போய் வரும்போதெல்லாம் தூளைப் பூசிக்கொண்டு வரும். கார்ட்மன் பெட்டி என்று பெயர்பெற்ற முறையின் எளிய வடிவம் இது. தெள்ளு அடங்கியபின் அதே குழாயில் கடலைக்குப் பதில் புரோமாடியோலோன் கட்டி வைத்தால் எலி பழகிய இடத்துக்கே தயங்காமல் வரும்.

தூவுபவர் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம், முடிந்தால் ரப்பர் பூட்ஸ் அணிய வேண்டும். தெள்ளு தரையிலிருந்து காலுக்குத் துள்ளும், வெறுங்காலோடு வளையருகே நிற்பவர்தான் முதலில் கடிபடுவார்.

காத்திருப்பு

தூவி நாலைந்து நாள் கழித்து மறுபடி பொறி வைத்துச் சீவி எண்ணுங்கள். கியோபிஸ் குறியீடு 1-க்குக் கீழே வந்த பிறகுதான் எலி மருந்து. வரவில்லையென்றால் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்: தூள் நனைந்திருக்கும், கூரை விட்டுப்போயிருக்கும், அல்லது தெள்ளு அந்த மருந்துக்குப் பழகியிருக்கும். முதல் இரண்டையும் சரிசெய்து மறுபடி தூவியும் குறையாவிட்டால் மருந்தை மாற்றச் சொல்லுங்கள்.

முட்டையும் கூட்டுப்புழுவும் தூளுக்குத் தப்பும். இரண்டு மூன்று வாரத்தில் புதுத் தெள்ளு வெளிவரும். அதனால் இரண்டாவது தூவல் கட்டாயம். அதை எலி மருந்துக்குப் பிந்தைய வாரத்தில் வருமாறு அமைத்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மூன்றாவது வேலை: எலி மருந்து

வீட்டுக்கு உள்ளே புரோமாடியோலோன் போதும். துத்தநாக பாஸ்பைடு வயல், வரப்பு, களத்துக்கு மட்டும். மஞ்சள் பாஸ்பரஸ் பசை தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது. எந்தக் கடையில் கிடைத்தாலும் வாங்காதீர்கள், ஈரலை அழித்துவிடும் சரக்கு அது.

புரோமாடியோலோன் 0.25 சதவீதத் தூள் வாங்கினால், 960 கிராம் அரிசி நொய்யோ கம்பு நொய்யோ எடுத்து, 20 கிராம் கடலை எண்ணெயில் பிசறி, 20 கிராம் தூளைக் குச்சியால் கலக்குங்கள். 0.005 சதவீதத் தீனி ஒரு கிலோ கிடைக்கும். வளைக்கு 15 கிராம் பொட்டலம் என்றால் 66 வளைக்கு வரும். ஒரு வாரம் கழித்து மறுபடி வளைகளை மூடிப் பார்த்து, திறந்தவற்றுக்கு மட்டும் இரண்டாவது முறை வையுங்கள். கையால் பிசைந்தால் மனித வாடை ஒட்டும், ஆபத்தும்கூட.

துத்தநாக பாஸ்பைடுக்கும் அதே விகிதம்தான்: நொய் 960, எண்ணெய் 20, மருந்து 20 கிராம். வளைக்கு 10 கிராம். முதல் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாமல் நொய்யும் எண்ணெயும் மட்டும் வைத்துப் பழக்க வேண்டும். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் ‘மருந்து போலி’ என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள். கொஞ்சம் தின்று வயிறு வலித்துத் தப்பிய எலி அந்தத் தீனியை மறுபடி தொடாது. அதனால் ஒரு பருவத்தில் ஒரு முறைதான், மிச்சத்துக்குப் புரோமாடியோலோன். வயிற்று அமிலமோ ஈரமோ பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பும் மருந்து இது. கலக்கியவுடன் அன்று மாலையே வைத்துவிடுங்கள், மழை நாளில் வைக்காதீர்கள். கோழி மேயும் இடத்தில் வளைக்குள் ஆழமாகத் தள்ளி மண் மூட வேண்டும்.

ஊரில் மனிதருக்கோ எலிக்கோ நோய் சந்தேகம் இருக்கும் காலத்தில் இந்த மூன்றாவது வேலையையே தொடாதீர்கள். அப்போது தூள் மட்டும். எலியை எப்போது கொல்வது என்பதைச் சுகாதாரத் துறை சொல்லட்டும். வளையை வெட்டி எலி பிடிப்பவர்களும் வெள்ளெலியைச் சமைப்பவர்களும் அந்த நாட்களில் ஒதுங்கியிருப்பது நல்லது. மருந்து வைத்த வயலின் எலியை எப்போதுமே தின்னக் கூடாது.

செத்த எலியை எடுப்பது

மருந்து வைத்த மறுநாள் விடியலிலிருந்து பத்து நாளாவது தினமும் தேடி எடுங்கள். எடுக்கும் முன் எலியின் மேலேயும் சுற்றியும் தெள்ளுத் தூளைத் தூவிச் சிறிது நேரம் விடுங்கள். பிறகு நீளமான இடுக்கியால் எடுத்து இரட்டைப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, கிணற்றிலிருந்து தூரமாக மூன்றடி ஆழத்தில் புதையுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கிக் குப்பையில் எறிவதுதான் நாம் அதிகம் பார்ப்பது. எறிந்த எலி நாய்க்கும் ஆந்தைக்கும் போகும், புரோமாடியோலோன் அவற்றின் உடம்பிலும் வேலை செய்யும். நாயின் ரத்தத்துக்கு ஒரு பயனும் உண்டு. பிளேக் எலியைத் தின்ற நாய் பெரும்பாலும் நோயில் படுக்காமல் ரத்தத்தில் எதிர்ப்பொருளை மட்டும் காட்டும். அதனால்தான் கண்காணிப்புக் குழுவினர் ஊர் நாய்களின் ரத்தம் எடுக்கிறார்கள். அவர்கள் வந்தால் விரட்டாதீர்கள். பூனை அப்படியல்ல, அது நோயில் விழும், மனிதருக்கும் தரும்.

மிஞ்சிய தீனியைக் கணக்குப் பார்த்துத் திரும்ப எடுத்துப் புதையுங்கள். மருந்துப் பொட்டலத்தைப் பூட்டி, சாவியை ஒருவர் மட்டும் வைத்திருங்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்கும் நாட்டு முயற்சி எதுவும் வேண்டாம். பொட்டலத்தின் உறையோடு 108-ல் ஏற்றி அனுப்புங்கள். புரோமாடியோலோனுக்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு. துத்தநாக பாஸ்பைடுக்கு அப்படி ஒன்று இல்லை.

தூள் தூவியவர், எலி எடுத்தவர், அந்த வீடுகளில் படுத்தவர் எல்லோரையும் பத்து நாள் விசாரித்துக்கொண்டிருங்கள். கடித்து இரண்டு முதல் ஆறு நாளில் திடீர்க் குளிர்காய்ச்சல், தொடையிடுக்கிலோ அக்குளிலோ தொட்டாலே வலிக்கும் நெறிகட்டி கண்டால் அன்றே ஆரம்பச் சுகாதார நிலையம் போக வேண்டும். மருத்துவரிடம் காய்ச்சல் என்று மட்டும் சொல்லாமல், எலி வேலை பார்த்ததையும் சொல்லுங்கள். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், டாக்சிசைக்ளின் போன்ற சாதாரண மருந்துகளே இதைக் குணப்படுத்தும், சீக்கிரம் தொடங்கினால். இருமலும் ரத்தச் சளியும் சேர்ந்தால் முகக்கவசம் போட்டு, பேருந்தில் ஏற்றாமல், 108-ஐ அழையுங்கள்.